இரும்புப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னாதிட்டியில் நகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே பலருக்கு அடுத்த யோசனை தொடங்கிவிடும்: இதை எங்கே வைப்பது? பெட்டி விற்பவர் சொல்லும் பதிலும், திறப்புத் தொலைந்த பெட்டியைத் திறந்து கொடுப்பவர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. வீட்டுக்காரரும் சிறு கடைக்காரரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெட்டியை உடைக்கும் வழிமுறைகள் இதில் இல்லை. வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டிய அளவோடு நிறுத்தியிருக்கிறேன்.

திறக்கவே முடியாத பெட்டி என்று ஒன்று உண்டா?

இல்லை. நல்ல பெட்டி செய்பவர்கள் அப்படிச் சொல்லி விற்பதும் இல்லை. அவர்கள் பேசுவது நிமிடக் கணக்கில். அமெரிக்காவில் யூ.எல். என்ற சோதனை நிறுவனம் பெட்டிகளை உடைத்துப் பார்த்துத் தரம் கொடுக்கிறது. ரி.எல்.-15 என்ற முத்திரை இருந்தால், தேர்ந்த ஆட்கள் பெட்டியின் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு சுத்தியல், உளி, அலவாங்கு, துளைகருவி போன்றவற்றால் முயன்றும் கதவு 15 நிமிடம் தாங்கியது என்று பொருள். ரி.எல்.-30 என்றால் 30 நிமிடம். ரி.ஆர்.ரி.எல்.-30 என்றால் இரும்பை வெட்டும் வாயுச் சுவாலையையும் சேர்த்து 30 நிமிடம்.

"இவ்வளவு காசு கொடுத்து 15 நிமிடந்தானா?" என்று கேட்கத் தோன்றும். அந்த 15 நிமிடம், கருவி இரும்பில் படுகிற நேரம் மட்டும். அலகு மாற்றும்போதும், மூச்சு வாங்க நிற்கும்போதும், அடுத்து எங்கே துளைப்பது என்று யோசிக்கும்போதும் மணிக்கூட்டை நிறுத்திவிடுவார்கள். வரைபடமும் பழகிய கையும் இல்லாத கள்ளனுக்கு அதே பெட்டி மணித்தியாலக் கணக்கில் போகலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சோதனை கதவுக்கும் முன்பக்கத்துக்கும் மட்டுமே. ஆறு பக்கமும் சோதித்த பெட்டியென்றால் முத்திரையில் எண்ணுக்குப் பின்னால் பெருக்கல் குறியோடு 6 என்று போட்டிருக்கும். அது இல்லாத பெட்டியின் முதுகு எப்படிப்பட்டது என்று முத்திரை எதுவும் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் ஈ.என். 1143-1 என்ற நியமம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு புள்ளி. எந்தக் கருவியால் எத்தனை நிமிடம் எடுத்தது என்று கணக்கிட்டு, 0 இலிருந்து மேல்நோக்கித் தரம் போடுகிறார்கள். அதற்குக் கீழே, இலேசான பெட்டிகளுக்கு ஈ.என். 14450 இருக்கிறது, அதில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு தரம். அமெரிக்காவிலும் வீட்டுப் பெட்டிகளுக்கென்று ஒரு கீழ்ப்படி உண்டு: ஒரு ஆள், கைக்கருவிகள், 5 நிமிடம். அதன் பிறகு அதற்கும் மேற்படிகள் சேர்த்திருக்கிறார்கள்.

நம் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இவற்றில் எந்த முத்திரையும் இராது. "ஹெவி டியூட்டி" என்று ஒட்டியிருப்பது முத்திரை ஆகாது.

அப்படியென்றால் நான் எதற்குக் காசு கொடுக்கிறேன்?

நேரத்துக்கு. அந்த நேரத்துக்குள் யாராவது வந்தால்தான் அது பயன்படும்.

இதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யோசிக்க வேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வீடு பூட்டிக் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து திறக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு ஒரு இரவு முழுக்கக் கிடைக்கும், வேண்டுமானால் அடுத்த இரவும் வரலாம். அங்கே 30 நிமிடப் பெட்டியும் 60 நிமிடப் பெட்டியும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆட்கள் இருக்கிற வீட்டில், கோயிலுக்குப் போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பும் குடும்பத்துக்கு, அதே பெட்டி முழுப் பலனையும் தரும்.

2015 ஏப்ரலில் லண்டன் ஹற்றன் கார்டனில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. நகை வியாபாரிகள் பயன்படுத்திய நிலவறைப் பெட்டகம் அது. ஈஸ்ரர் விடுமுறையில், பெரும்பாலும் வயது போன மனிதர்களைக் கொண்ட ஒரு கூட்டம் உள்ளே இறங்கியது. பெட்டகக் கதவை அவர்கள் தொடவே இல்லை. வைரமுனைத் துளைகருவியால் பக்கத்துச் சுவரை, அரை மீற்றர் கொங்கிறீற்றை, துளைத்துக்கொண்டு போனார்கள். முதல் இரவு உள்ளே நின்ற இரும்பு அலுமாரித் தொகுதி தடுத்துவிட்டது, தள்ளும் கருவியும் பழுதானது. போய்விட்டுப் புதுக் கருவியோடு திரும்பி வந்தார்கள். இடையில் எச்சரிக்கை மணி அடித்தது, பொலிஸாருக்கும் தகவல் போனது. போக வேண்டிய தேவையில்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கதவும் பூட்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. வர வேண்டிய ஆள்தான் வரவில்லை.

பூட்டிய வீட்டுக்குப் பெட்டி வாங்கித் தரச் சொல்லி வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அந்த வீட்டில் நகை வைக்காதீர்கள். பெட்டிக் காசை வேறு எதற்காவது செலவழியுங்கள்.

பல்பொருள் கடையில் விற்கும் சின்ன டிஜிற்றல் பெட்டி பரவாயில்லையா?

ஹோட்டல் அறைகளில் இருப்பது போன்ற, இரண்டு கையால் தூக்கக்கூடிய பெட்டியைத்தான் கேட்கிறீர்கள். வேலைக்கு வருபவர் கை வைக்காமல் இருக்கவும், சின்னப் பிள்ளைகள் எடுக்காமல் இருக்கவும் அது போதும். கள்ளனுக்குப் போதாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, உடல். தகடு பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீற்றர். கதவு 3, 4 மில்லிமீற்றர். கதவைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு வாங்குகிறோம். முதுகைத் தட்டிப் பார்ப்பவர் குறைவு.

இரண்டாவது, உள்ளே தாழை விடுவிப்பது ஒரு சின்ன மின்காந்தக் கம்பி. மலிவான அமைப்புகளில் அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு மெல்லிய சுருள்வில் மட்டுமே. பெட்டியைச் சரியான விதத்தில் அதிரச் செய்தால் கம்பி ஒரு கணம் துள்ளும், எண்ணே தேவைப்படாது. பூட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பகிரங்கமாகவே செய்து காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, பற்றரி இறந்தால் திறப்பதற்கென்று ஒரு மூடிக்குப் பின்னால் வைத்திருக்கும் அவசரத் திறப்புத் துளை. முன்னால் ஆறு இலக்க எண், பின்னால் தபால்பெட்டிப் பூட்டு. ஒரு பெட்டியின் பலம் அதைத் திறக்கும் வழிகளில் மிகவும் இலேசான வழியின் பலமே. வழி கூடக் கூடப் பெட்டி பலவீனமாகும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, நிலத்தோடு ஆணி போட்டுப் பூட்டாவிட்டால் கள்ளன் எதையும் திறக்க மினக்கெட மாட்டான். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் ஆறுதலாகத் தோட்டத்தில் வைத்து வெட்டுவான்.

இரும்பு அலுமாரிக்குள் இருக்கும் லொக்கர்?

அது லாச்சி. பூட்டுப் போட்ட லாச்சி. சேலைக்கு அலுமாரி, நகைக்கு வேறு ஏற்பாடு.

திறப்புப் போடும் பூட்டா, எண்வட்டா, டிஜிற்றலா? எதை எடுப்பது?

பூட்டைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். நடைமுறையில் பூட்டை நுணுக்கமாக வென்று திறக்கும் கள்ளனைக் காண்பது அரிது. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு.

திறப்புப் பூட்டு பழையது, பற்றரி கேட்காது, ஒழுங்காகச் செய்தால் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். அதை வெல்வது எவ்வளவு கடினம் என்று 1851 இல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தபோது உலகம் பார்த்தது. அல்பிரட் ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் புகழ்பெற்ற சப் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு கடைக் கண்ணாடிக்குள் பல பத்தாண்டுகளாகச் சவாலாக இருந்த பிராமா பூட்டை எடுத்தார். அது 16 நாட்களில் பரந்த 51 மணித்தியால வேலையாயிற்று. ஆனால் திறந்தார். அதுவரை "எங்கள் பூட்டைத் திறக்க முடியாது" என்று நம்பியிருந்த ஆங்கிலேயருக்கு அது பெரிய அதிர்ச்சி. 51 மணித்தியாலம் தாங்கிய பூட்டைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நம் வீடுகளில் திறப்புப் பூட்டின் பலவீனம் பூட்டில் இல்லை, திறப்பை வைக்கும் இடத்தில். சாமிப் படத்துக்குப் பின்னால், அரிசி வாளிக்குள், அலுமாரியில் சேலை மடிப்புக்குள், மிஞ்சினால் மெத்தைக்குக் கீழே. அம்மா வைத்த இடத்தில்தான் மகளும் வைக்கிறாள். அந்தப் பட்டியல் கள்ளனுக்கும் தெரியும்.

எண்வட்டுப் பூட்டில், சுழற்றும் வட்டின் விளிம்பில் 0 இலிருந்து 99 வரை எண்கள். உள்ளே மூன்று அல்லது நான்கு சில்லுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. சரியான எண்களில் நிறுத்தினால் வெட்டுகள் ஒரே கோட்டில் வரும், மேலே காத்திருக்கும் ஒரு சட்டம் அந்தப் பள்ளத்துக்குள் விழும், தாழ் இழுபடும். மூன்று எண் என்றால் கணக்குப்படி 10 இலட்சம் சேர்க்கைகள். உண்மையில் அவ்வளவு இல்லை, ஏனென்றால் பூட்டு கொஞ்சம் பிசகினாலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு செய்த லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அங்கிருந்த கோப்பு அலுமாரிகளின் பூட்டு இரண்டு எண் அங்குமிங்கும் போனாலும் திறப்பதைக் கண்டுபிடித்தார். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் 20 தெரிவுகளே, மொத்தம் 8,000. இன்றைய நல்ல பூட்டுகள் அதைவிட இறுக்கமானவை. யூ.எல். தரத்தில் குழு 1 என்று குறித்த பூட்டு, தேர்ந்த கையின் முயற்சியை 20 மணித்தியாலம் தாங்க வேண்டும்.

டிஜிற்றல் பூட்டில் ஆறு இலக்கம் என்றால் 10 இலட்சம் எண்கள், எல்லாமே உண்மையான எண்கள். நாலு முறை பிழைத்தால் ஐந்து நிமிடம் முடங்கும் பூட்டில் ஒவ்வொன்றாக முயல, இரவு பகல் நிறுத்தாமல் செய்தாலும் 868 நாள் பிடிக்கும். எண் மாற்றுவது இலகு. வேலையாள் நின்றுவிட்டால் அன்றே மாற்றலாம். திறப்புப் பூட்டில் அது முடியாது. அதன் நோய் வேறு: பற்றரி, ஈரம், உள்ளிருக்கும் மென்பொருள்.

என் தெரிவு கேட்டால், வீட்டுக்கு ஈ.என். 1300 (பெட்டிப் பூட்டுகளுக்கான ஐரோப்பிய நியமம்) அல்லது யூ.எல். சான்று பெற்ற டிஜிற்றல் பூட்டு, அவசரத் திறப்புத் துளை இல்லாதது. அடிக்கடி திறக்காத, உறுதிகளும் தாலிக்கொடியும் மட்டும் இருக்கும் பெட்டிக்கு எண்வட்டு.

படங்களில் வருவது போல ஸ்தெதஸ்கோப் வைத்துக் கேட்டுத் திறக்க முடியுமா?

காதால் இல்லை, விரலாலும் பென்சிலாலும். வட்டைச் சுழற்றும்போது உள்ளே சட்டம் சில்லுகளில் தொடும் இடம் மயிரிழையளவு மாறும். அதை அளந்து தாளில் கோடு கீறிக் கீறி எண்ணைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பொறுமையும் பயிற்சியும் வேண்டும், மணித்தியாலங்கள் வேண்டும். வீடு உடைக்க வருபவனிடம் இந்த மூன்றும் இருந்தால் அவனுக்கு வேறு நல்ல தொழில் கிடைக்கும்.

இயந்திரத்துக்குப் பொறுமை தேவையில்லை. 2017 இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கொன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களின் மாநாட்டில், மலிவான பாகங்களால் செய்த ஒரு சின்ன ரோபோ, வீட்டுப் பாவனைக்கான எண்வட்டுப் பெட்டி ஒன்றை மேடையிலேயே அரை மணித்தியாலமளவில் திறந்தது. அந்தப் பூட்டின் அமைப்பில் இருந்த ஒரு குறையால், முயல வேண்டிய சேர்க்கைகள் ஆயிரமளவுக்குச் சுருங்கியிருந்தன. நல்ல பூட்டில் இந்த விளையாட்டு இவ்வளவு விரைவில் முடியாது.

இலத்திரனியல் பூட்டுகளைக் கணினிக்காரர் திறந்துவிட்டார்களாமே? பயப்பட வேண்டுமா?

திறந்திருக்கிறார்கள், பலமுறை. 2016 இல் அதே டெஃப்கொன் மாநாட்டில் புளோர் என்ற புனைபெயருடைய ஆராய்ச்சியாளர், நன்கு அறியப்பட்ட அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பூட்டுகளை, அவை இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் பதில் தரும் நேரத்தையும் அளந்து திறந்தார். பூட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. 2019 இல் மைக் டேவிஸ் என்பவர் பணம் தரும் இயந்திரங்களிலும் அரச அலுவலகங்களிலும் பயன்படும் உயர்தரப் பூட்டுகளில் இதையொத்த பலவீனத்தைக் காட்டினார். 2025 ஓகஸ்ற்றில் மார்க் ஓமோ, ஜேம்ஸ் ரோலி என்ற இருவர், பல பெட்டிக் கம்பனிகள் வாங்கிப் பொருத்தும் செக்யூராம் புரோலொஜிக் பூட்டுகளை இரண்டு விதமாகத் திறந்து காட்டினார்கள்.

மென்பொருளில் திருத்தம் வந்தால் தொலைபேசி தானாகவே ஏற்றிக்கொள்ளும். பெட்டிப் பூட்டு அப்படி இல்லை. வாங்கிய நாளில் இருந்த குறை, பூட்டை மாற்றும் வரை கூடவே இருக்கும்.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு விஷயம். 2023 இல் அமெரிக்காவின் லிபர்ட்டி சேஃப் நிறுவனம், தேடுதல் ஆணையோடு வந்த எஃப்.பி.ஐ. யினருக்கு ஒரு வாடிக்கையாளரின் பெட்டி எண்ணைக் கொடுத்தது. "என் பெட்டியின் எண் உங்களிடம் எப்படி இருக்கிறது?" என்று வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், கேட்டுக்கொள்பவர்களின் எண்ணைப் பதிவிலிருந்து அழிக்க நிறுவனம் பிறகு வழி செய்தது. 2024 இல் அமெரிக்கச் செனற்றர் ரொன் வைடன், தயாரிப்பாளர் கையில் இருக்கும் இப்படியான மீட்பு எண்களைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதினார். ஆகவே வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: நான் எண்ணை மறந்தால் நீங்கள் எப்படித் திறப்பீர்கள்? "ஒரு எண் இருக்கு அண்ணை, கோல் பண்ணுங்கோ, சொல்லுவம்" என்று பதில் வந்தால் அந்த எண் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "துளைத்துத்தான் திறக்க வேண்டும்" என்றால் நல்ல பதில்.

பயப்பட வேண்டுமா? சாவகச்சேரியில் ஓடு பிரித்து இறங்குபவன் மின்சாரத்தை அளக்கும் கருவியோடு வருவதில்லை, அலவாங்கோடு வருகிறான். வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டிய வரிசையில் இது கடைசிப் பக்கம். நகைக்கடை, அடைவுக்கடை நடத்துபவர் மட்டும் தன் பூட்டின் பெயரையும் மாதிரியையும் குறித்து வைத்து, அவ்வப்போது செய்தி பார்ப்பது நல்லது.

கைரேகைப் பூட்டு?

கைரேகை, எண், அவசரத் திறப்பு மூன்றும் உள்ள பெட்டி மும்மடங்கு பாதுகாப்பு என்று விற்கிறார்கள். மூன்றில் எது ஒன்றும் தனியாகவே கதவைத் திறக்கிறது. அப்படியானால் கள்ளனுக்கு மூன்று வாசல். வெங்காயத் தோட்டத்திலும் சீமெந்திலும் வேலை செய்த கைகளின் ரேகை தேய்ந்திருக்கும், வயது போனவர்களின் ரேகையை மலிவான வாசிப்பான் அடிக்கடி மறுக்கும். மறுத்தால் எரிச்சலில் பெட்டியைப் பூட்டாமலே விட்டுவிடுவார்கள்.

எண் எப்படித் தெரிவு செய்வது?

பிறந்த திகதி, கலியாண நாள், வாகன இலக்கம், தொலைபேசியின் கடைசி இலக்கங்கள், 123456 இவை வேண்டாம். தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய எண்ணை வாங்கிய அன்றே மாற்றுங்கள்.

மேலே சொன்ன ஃபைன்மனின் கதையில் மிச்சம் இங்கேதான் வருகிறது. அணுகுண்டு இரகசியம் இருந்த அலுமாரிகளின் எண், ஒரு விஞ்ஞானி வைத்திருந்தது 27-18-28. கணிதத்தில் இ என்ற மாறிலியின் இலக்கங்கள். ஒரு இயற்பியலாளர் ஊகிக்கக் கூடியது. இன்னொரு உயரதிகாரியின் பெரிய பெட்டியை அங்கிருந்த பூட்டுத் திருத்துபவர் திறந்தது எப்படி என்று விசாரித்தால், தொழிற்சாலை எண்ணை யாரும் மாற்றவே இல்லையாம். பெட்டி திறந்து கிடக்கும்போது வட்டைச் சுழற்றிப் பார்த்தே கடைசி இரண்டு எண்களையும் எடுக்கலாம் என்றும் ஃபைன்மன் கண்டார். அதை ஒரு கேணலிடம் சொல்லி எச்சரித்தபோது, "அலுமாரிகளைத் திறந்து விடாதீர்கள்" என்று சுற்றறிக்கை வரவில்லை. ஃபைன்மன் அறைக்கு வந்து போயிருந்தால் எண்ணை மாற்றுங்கள் என்றுதான் வந்தது.

எண்ணை எழுதி வைப்பதானால் பெட்டி இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். கூடப் பிறந்த ஒருவரிடம், வேறு ஊரில், இன்னதுக்கான எண் என்ற குறிப்பில்லாமல் கொடுங்கள். வீட்டுத் தலைவர் திடீரென்று இறந்து, எட்டுச் செலவு முடிந்த கையோடு பெட்டியைத் துளைக்க ஆள் தேடும் குடும்பங்கள் உண்டு.

எங்கே வைப்பது, எப்படிப் பொருத்துவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் எல்லோரும். யூ.எல். ரி.எல்.-15 பெட்டி 340 கிலோகிராமளவுக்குக் குறைந்தால் கட்டாயம் நிலத்தில் பூட்டத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய நியமம் 1,000 கிலோகிராமுக்குக் குறைந்த பெட்டிகளுக்கே பூட்டும் துளை கேட்கிறது. ஒரு தொன் பெட்டியையும் நகர்த்துவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பெட்டி 30, 40 கிலோகிராம்.

பூட்ட வேண்டியது கொங்கிறீற் தளத்தில். வெறும் மாபிள் பதித்த நிலமென்றால், மாபிளுக்குக் கீழே எவ்வளவு கொங்கிறீற் இருக்கிறது என்று மேசனிடம் கேளுங்கள்; மண்ணை இறுக்கி மெல்லிய சாந்து போட்ட நிலத்தில் ஆணி பிடிக்காது. பழைய நாற்சார் வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவரை நம்பி முதுகில் பூட்டினால், அலவாங்கு போட்டால் கல்லோடு சேர்ந்து வரும். அப்படியான வீட்டில் ஒரு மூலையில் கம்பி கட்டிய சின்னக் கொங்கிறீற் மேடை போட்டு, அதற்குள் ஆணிகளை முன்கூட்டியே புதைத்து, மேலே பெட்டியை இறக்குவது நல்லது. மூலையென்றால் இரண்டு பக்கத்தில் அலவாங்கு போட இடமில்லை.

சாமி அறையும் பெரியவரின் படுக்கையறையும் கள்ளன் முதலில் பார்க்கும் இடங்கள். குசினிச் சாமான் அறை, மாடிப்படிக்குக் கீழே, இப்படி எங்காவது வையுங்கள். பெட்டி இறக்க நாலு பேர் வந்து, வாகனம் வாசலில் நின்று, ஒழுங்கை முழுக்கப் பார்த்தால் ஒளிப்பதில் பாதிப் பயன் போய்விட்டது. வெறும் பெட்டியாக, பின்னேரம், சாமான் அட்டைக்குள் வைத்து இறக்குங்கள்.

கத்தியைக் காட்டி "திற" என்றால்?

திறந்துவிடுங்கள். எந்தப் பெட்டியும் அந்த நேரத்துக்கென்று செய்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வங்கிப் பெட்டிகள் உடைக்க முடியாதபடி வந்தபோது, கொள்ளையர் வங்கிக்காரரையே வீடு தேடிப் போய்ப் பிடித்தார்கள். அதற்கு மறுமொழியாக 1873 இல் ஜேம்ஸ் சார்ஜன்ற் நேரப் பூட்டைக் கொண்டுவந்தார்; குறித்த மணிக்கு முன் முதலாளி நினைத்தாலும் திறக்க முடியாது. இன்று அதன் வழிவந்த தாமதப் பூட்டுகள் உண்டு: எண்ணைப் போட்டாலும் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நகைக்கடைக்கு அது நல்லது, அப்படியொரு பூட்டு இருக்கிறதென்று கண்ணாடியில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வேண்டாம், கத்தியோடு நிற்பவனிடம் காத்திரு என்று சொல்லும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

தீப்பிடித்தால் உள்ளே இருப்பது தப்புமா?

கள்ளனைத் தடுக்கும் பெட்டியும் தீயைத் தடுக்கும் பெட்டியும் வேறு வேறு. முதலாவது கனத்த இரும்பு. இரும்பு சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். இரண்டாவது மெல்லிய தகட்டுக்கிடையில் நீர் அடங்கிய நிரப்பி. தீயில் அந்த நீர் ஆவியாகிச் சூட்டைக் குடிக்கும். யூ.எல். சோதனையில் ஒரு மணித்தியாலத் தரமென்றால், வெளியே உலை 927 பாகை செல்சியஸுக்குப் போகும்போதும் உள்ளே 177 பாகையைத் தாண்டக் கூடாது. தாள் அதில் தப்பும். கணினித் தரவு வன்தட்டு தப்பாது. அதற்கு 52 பாகைத் தரம் தேவை.

எங்கள் வீடுகளில் மக்கள் தங்கத்துக்குத்தான் தீத்தடுப்புப் பெட்டி கேட்கிறார்கள். தூய தங்கம் உருகுவது 1,064 பாகையில். நகை கெட்டாலும் பொன் அழியாது. எரிந்தால் திரும்பாதது காகிதம் என்று நினைப்போம், அதிலும் காணி உறுதிக்கு ஒரு ஆறுதல் உண்டு: உறுதி எழுதும்போது நொத்தாரிசு ஒரு படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே அந்த மூன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து வெளிநாட்டுப் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். பழைய குடும்பப் படங்களுக்கும் இதையே செய்யலாம்.

உப்புக் காற்றில் பூட்டு கறள் பிடிக்காதா?

பிடிக்கும். கரையோரத்தில், வல்வெட்டித்துறை, குருநகர்ப் பக்கம் சீக்கிரமாகவே. தீ நிரப்பி உள்ள பெட்டி உள்ளிருந்தே ஈரத்தை விடும். நாட்கணக்கில் மூடி வைத்தால் உறுதியில் பூஞ்சணம் வரும், வெள்ளி கறுக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைத் துணிப்பையில் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை திறந்து காற்றுப் படவிடுங்கள். பூட்டுக்குள் தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகும். பற்றரியை வருடம் ஒருமுறை, பிறந்தநாளோ தீபாவளியோ ஒன்றைக் குறித்து, செத்ததோ இல்லையோ மாற்றிவிடுங்கள். கசிந்த பற்றரிதான் பல டிஜிற்றல் பூட்டுகளின் எமன்.

வங்கி லொக்கர் நல்லதில்லையா? சிலர் அடைவு வைத்துவிட்டுப் போகிறார்களே?

பெரிய தொகை நகைக்கு லொக்கர் வீட்டுப் பெட்டியைவிட நல்லது. வங்கியின் திறப்பும் உங்கள் திறப்பும் சேர்ந்தால்தான் திறக்கும். உங்கள் திறப்பைத் தொலைத்தால் உங்கள் செலவில்தான் உடைப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று வங்கிக்குத் தெரியாது, வைப்புப் பணத்துக்கான காப்புறுதி லொக்கருக்குள் இருப்பதற்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் வங்கி எதற்குப் பொறுப்பேற்கிறது என்ற பந்தியை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உள்ளே வைப்பதைப் படம் எடுத்து, நிறை எழுதி, கடைச் சிட்டையையும் சேர்த்து வீட்டில் வையுங்கள்.

சின்னத் தொகைக்கு அடைவு வைத்துவிட்டு வெளிநாடு போவது இங்கே பழைய தந்திரம். வங்கி நகையை நிறுத்து, எழுதி, பொறுப்பெடுக்கிறது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. வட்டியும் மீட்கும் தவணையும் ஞாபகம் இருக்க வேண்டும். தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும்.

அம்மம்மாவின் பழைய இரும்புப் பெட்டி இருக்கிறது. புதிது வாங்குவதா, அதையே வைப்பதா?

பெயர்ப்பலகையைத் துடைத்துப் பாருங்கள். இங்கிலாந்துத் தயாரிப்பாகவோ பழைய கொட்றேஜாகவோ இருந்தால், இன்று கடையில் அதே விலைக்குக் கிடைக்கும் டிஜிற்றல் பெட்டியைவிட அதன் இரும்பு பெரும்பாலும் தடிப்பானது. தூக்கவும் முடியாது. பார்க்க வேண்டியவை: அடித்தட்டும் முதுகும் கறளில் கரைந்திருக்கிறதா, கதவு பூட்டும்போது தாழ்கள் முழுதாக வெளியே வருகின்றனவா, திறப்பு எத்தனை, அவை யார் யாரிடம். இடப்பெயர்வுகளில் கை மாறிய பெட்டியென்றால் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பூட்டை மட்டும் கழற்றி, நெம்புத்தகடுகளை மாற்றி, புதுத் திறப்பு வெட்டச் சொல்லலாம்.

திறப்பே இல்லையென்றால் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய்ச் சுவாலையால் வெட்டாதீர்கள். உள்ளே காகிதம் இருந்தால் கருகும். பழைய பெட்டிகள் சிலவற்றின் சுவருக்குள் தீத்தடுப்புக்கென்று கல்நார் அடைத்திருப்பார்கள். அதை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பூட்டுத் திறப்பதையே தொழிலாகக் கொண்டவரைக் கூப்பிட்டு, பெட்டியை வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள். கதவு திறந்து உள்ளே இருப்பது தெரிந்த பிறகு பேசினால் விலை வேறாகிவிடும்.